கைப்பணியும் அறமும்

அறஞ்செய விரும்புவோர்க்குப் பொருள் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. பொருளில்லார் அறஞ்செய்யுமாறு எங்ஙனம் எனின், அவர்க்குக் கைகள் இரண்டு உள என்பதே விடையாம். கையாற் செய்த பொருளை விற்று, அவ்விலையால் ஒரு நற்பணியை நடத்துதல் இந்நாளில் எங்கும் காணப்படும் வழக்கமாகிவிட்டது. திருச்சபை விழாக்களிலும் கல்லூரிக் கொண்டாட்டங்களிலும் தையல் துணிகள், பனையோலைப் பெட்டிகள், மெழுகுதிரிகள், வாழ்த்து அட்டைகள் முதலியன அடுக்கிய மேசையொன்று தவறாது இடம் பெறுகிறது. வாங்குவோர் மகிழ்கின்றனர், விற்போர் மகிழ்கின்றனர், ஏழைகளுக்கு ஒரு தொகை சேர்கிறது. இதில் ஆராய்தற்கு யாது உளது என்று நண்பர் சிலர் கேட்கலாம்.

ஆராய்தற்கு உரியது ஒன்று உளது. அப்பொருளைச் செய்தவர் யார் என்பதே அது. ஈய விரும்பும் ஒருவர் தம் ஓய்வு நேரத்திற் செய்ததா? அன்றி, அத்தொழிலால் உயிர்வாழ வேண்டிய ஏழை ஒருவர் செய்ததா? மேசைமீது கிடக்கும் பொருளைப் பார்த்து இவ்வேறுபாட்டை அறிய இயலாது. ஆயினும் இவ்விரண்டிற்கும் அறநெறி ஒன்றன்று. இவற்றை ஒன்றாகக் கருதிவிட்டால், உதவி செய்வதாக எண்ணிக்கொண்டே நாம் உதவி பெறுவோராகிவிடுவோம். இதனை நம் நாட்டு வரலாறு ஒன்றைக்கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் நூல்களில் கைப்பணி

கைத்தொழிலால் வாழ்தல் தமிழர்க்குப் புதிதன்று. நற்றிணையில் கபிலர் பாடிய செய்யுளொன்று, ஆடவர் துணையில்லாத மகளிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை, மலைமுகட்டில் தவழும் மேகத்திற்கு ஒப்பிடுகின்றது. உவமையின் அழகு ஒருபுறம் நிற்க, அதனுள் அடங்கிய செய்தி நம் கருத்தைக் கவர்கின்றது. கணவனை இழந்தோ பிரிந்தோ தனித்துநின்ற மகள், பிறர் வாயிலில் நில்லாது, கதிரும் பஞ்சும் கொண்டு தன் வாழ்வை நடத்தினாள் என்பது அது. புறநானூற்றிலும் நூல் நூற்கும் பெண்டிர் குறிக்கப்படுகின்றனர். நூலுக்கும் இலக்கியத்திற்கும் 'பனுவல்' என்னும் ஒரு பெயரையே நம் முன்னோர் இட்டனர். நன்னூலாரோ, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகித்தனர். கைத்தொழிலை இழிவாக எண்ணிய சமுதாயம் தன் புலவனை அத்தொழிலாளிக்கு ஒப்பிடாது என்பது தெளிவு.

திருவள்ளுவர் இன்னும் ஒருபடி மேற்செல்கிறார். அவர் ஒப்புரவறிதலை 22-ஆம் அதிகாரமாகவும், ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஒப்புரவு என்பது, முயன்று தேடிய பொருளைக்கொண்டு உலகத்தோடு ஒத்து வாழ்ந்து உதவுவது. ஈகை என்பது, ஒன்றும் இல்லாதார்க்குக் கொடுப்பது. இரண்டும் அறமே, எனினும் இரண்டும் ஒன்றல்ல. பின்னர் இரவச்சம் என்னும் அதிகாரத்தில், தெளிந்த நீரை ஒத்த கூழேயாயினும் தன் முயற்சியால் வந்ததாயின் அதனினும் இனியது இல்லை என்னும் கருத்தை அமைத்தார். ஏழைக்குச் சோறு மட்டுமன்றி, அச்சோற்றைத் தானே தேடிக்கொண்ட பெருமையும் வேண்டும் என்பதை இதனால் உணர்கிறோம்.

தொற்காளும் பவுலும்

திருமறையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில், யோப்பா பட்டணத்தில் வாழ்ந்த தபீத்தாள் என்னும் தொற்காளைப் பற்றிப் படிக்கிறோம். அவள் இறந்தபோது, விதவைகள் பேதுருவைச் சூழ்ந்து நின்று, அவள் தங்களுக்குச் செய்துகொடுத்த உடைகளைக் காட்டி அழுதனர். அவள் செய்தாள்; அவர்கள் பெற்றனர்; இடையில் விலை ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏழைகளுக்கு உடை தைத்துக்கொடுக்கும் பொருட்டு எழுந்த மாதர் சங்கங்கள் பல, தொற்காள் சங்கம் எனப் பெயர் பூண்டமை இதுபற்றியே.

அதே நூலின் 18-ஆம் அதிகாரத்தில் பவுல், கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்பாரோடு தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலை நடத்தியதாக அறிகிறோம். 20-ஆம் அதிகாரத்தில் அவர் எபேசு சபையின் மூப்பரிடம் விடைபெறுங்கால், தம் தேவைகளுக்கும் தம்மோடிருந்தவர்களின் தேவைகளுக்கும் தம் கைகளே உழைத்தன என்று நினைவூட்டுகிறார். இங்கே தொழிலுக்கு விலை உண்டு. உழைப்பவன் அதனால் முதலில் தான் வாழ்கிறான். எஞ்சியதால் பிறரைத் தாங்குகிறான்.

ஆகவே கைப்பணியறம் இருவகைப்படும். உள்ளவர் செய்து இல்லார்க்குக் கொடுப்பது ஒன்று. அதனைத் தொற்காள் நெறி என்போம். இல்லார் தாமே செய்து, விற்று, வாழ்வது மற்றொன்று. அதனைப் பவுல் நெறி என்போம். முதல் வகையில் செய்வோர் கூலி வேண்டார். இரண்டாம் வகையிற் கூலியே அறத்தின் உயிராகும். இவ்விருநெறியும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்திருந்த இடம் ஒன்று நம் தென்கோடியில் இருந்தது. அதுவே நாகர்கோவில் ரேந்தைப் பள்ளி.

நாகர்கோவிலில் ரேந்தை வேலை

கன்னியாகுமரி மாவட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. அதற்கு முன்னர் நாகர்கோவில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1819-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மிஷனரி சங்கத்தைச் சார்ந்த சார்லஸ் மால்ட் ஐயரும் அவர்தம் மனைவியார் மார்த்தா மால்ட் அம்மையாரும் அங்கு வந்தனர். பெண்களுக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை என்பது அக்காலத்துப் பொதுக்கொள்கை. அதிலும், வயலிலும் பனங்காட்டிலும் உழைத்த எளிய குடிகளில் ஒரு சிறுமியைப் பள்ளிக்கு அனுப்புவதாவது, அவளுடைய உழைப்பைக் குடும்பம் இழப்பதாகும். ஆதலின் பெண்பிள்ளைகளை உணவும் உடையும் கொடுத்துத் தங்கவைத்துக் கற்பிக்கும் விடுதிப்பள்ளியே வழியாயிற்று. அதற்கோ பெருஞ்செலவு பிடித்தது.

இந்நிலையில் அம்மையார், 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இங்கிலாந்து மாதர் நன்கறிந்த ரேந்தைப் பின்னலைத் தம் மாணவியர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். நாளில் ஒரு பகுதி படிப்பும், ஒரு பகுதி கைவேலையுமாகப் பள்ளி நடந்தது. இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியரும், கடலுக்கப்பால் இருந்த அன்பர்களும் ரேந்தையை வாங்கினர். வந்த பொருள் பள்ளியைத் தாங்கியது. பிற்காலத்தில் டதி குடும்பத்தார் பெயரால் வழங்கலாயிற்று இப்பள்ளி. தென்னாட்டுப் பெண்கல்வி நிலையங்களுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

ரேந்தை செய்யும் முறையை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஏனெனில் அத்தொழிலின் இயல்பை அறிந்தாலன்றி அதன் விலையை அறிதல் இயலாது. கெட்டியாக அடைத்த திண்டு ஒன்றின்மீது, பூவும் கொடியும் புள்ளி புள்ளியாகத் துளையிடப்பட்ட தாளைப் பொருத்துவர். நூலைச் சிறு மரக்கட்டைகளிற் சுற்றி, இரண்டிரண்டாகத் தொங்கவிடுவர். ஒருமுறைக்கு நான்கு கட்டைகள் கையில் எடுக்கப்படும். நடுவிலுள்ள இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கிடுதல், இருபக்கத்து இணைகளையும் முறுக்குதல் என அடிப்படைச் செயல்கள் இரண்டே. குறுக்கியும் முறுக்கியும் வருங்கால், தாளின் துளைதோறும் குண்டூசியைக் குத்தி நூலை நிறுத்துவர். பின்னல் முடிந்தபின் ஊசிகளைக் களைந்தால், நூல்கள் ஒன்றையொன்று பற்றித் தாமே நிற்கும். அகன்ற பின்னலாயின் கட்டைகளின் எண்ணிக்கை பல பத்துக்களாகப் பெருகும். விரலளவு நீளம் வளர்வதற்கு நெடுநேரம் செல்லும்; கண்ணும் கழுத்தும் ஓய்ந்துபோம்.

இத்தொழில் அம்மகளிர்க்கு மூவகையால் ஏற்றதாயிற்று. முதலாவது, திண்டும் நூலும் ஊசியுமே முதற்பொருள், பெருமுதல் வேண்டா. இரண்டாவது, வீட்டினுள் அமர்ந்து செய்யலாம். ஆதலின் பள்ளியை விட்டு மணந்து சென்றபின்னும் இதனைக் கைவிட வேண்டுவதில்லை. மூன்றாவது, வெயிலில் பிறர்நிலத்தில் குனிந்து உழைத்த குடியிற் பிறந்தவள், நுட்பமான கலையொன்றை அறிந்தவள் என்ற மதிப்பைப் பெற்றாள். இம்மூன்றாவது பயனைக் காசினால் அளக்க முடியாது.

விடுதலை விலை

அக்காலத்துத் திருவிதாங்கூரில் அடிமைமுறை வழக்கிலிருந்தது. நிலத்தோடு சேர்த்து மனிதரை விற்றலும், அடகு வைத்தலும் நிகழ்ந்தன. 1855-ஆம் ஆண்டில் அரசாணை பிறந்தபின்னரே அது சட்டத்தால் ஒழிந்தது. அவ்வாணைக்கு முன்னர், மால்ட் அம்மையாரின் பள்ளியிற் பயின்ற அடிமைச் சிறுமியர் சிலர், ரேந்தை வேலையால் ஈட்டிய பொருளைக்கொண்டு தம் உடையவர்களிடமிருந்து விடுதலை பெற்றனர் என்று மிஷன் வரலாறுகள் கூறும்.

இச்செய்தியைப் படிக்குங்கால் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும். அச்சிறுமியை வேறொருவர் விலைகொடுத்து விடுவித்திருக்கலாம், அதுவும் பேரறமே. ஆயின் அவள் வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கடன்பட்டவளாகவே தன்னைக் கருதியிருப்பாள். தன் விரல்களால் முடிந்த நூலைக்கொண்டு தன்னையே மீட்டுக்கொண்டவளோ, எவர்க்கும் கடன்பட்டிலள். ஒரு மனிதவுயிர்க்கு விலையிட்ட உலகத்தில், அவ்விலையைத் தானே செலுத்திவிட்டு எழுந்து நின்றாள். இஃது அறமாயிற்று, எதனால்? அவள் உழைப்பின் பயன் அவளைச் சென்று சேர்ந்தமையால். அப்பொருள் முழுவதும் பள்ளியின் பெட்டகத்தில் விழுந்திருக்குமாயின், ரேந்தை அழகாகவே இருந்திருக்கும். பள்ளியும் நன்றாகவே நடந்திருக்கும். அவள் மட்டும் அடிமையாகவே இருந்திருப்பாள்.

ஸாமுவேல் மட்டீர் என்னும் மிஷனரியார் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்குத் 'தருமபூமி' என்று பொருள்படும் பெயரையே இட்டார். அந்நாட்டு அரசு தன்னைத் தருமராச்சியம் என்று கூறிக்கொண்டமையே அப்பெயர்க்குக் காரணம். ஊட்டுப்புரைகளில் அந்தணர்க்கு நாள்தோறும் அன்னம் படைத்த அந்நாட்டில்தான் உழைப்பவர் உடைமையாக எண்ணப்பட்டனர். கொடை மிகுந்திருந்தும் நீதி குறைந்திருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இடையன்குடிக்குச் சென்ற கலை

மால்ட் அம்மையாரின் மகளார் எலைஸா, 1844-இல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்ட கால்டுவெல்லைத் தமிழ் பயிலும் நாம் அனைவரும் அறிவோம். அவர்தம் இல்லத்தரசியாரை அறிந்தோர் சிலரே. நாகர்கோவிலிற் பிறந்து, தமிழைக் குழந்தைப் பருவந்தொட்டே பேசி வளர்ந்த அவ்வம்மையார், தேரிமணலும் பனைமரமும் சூழ்ந்த அச்சிற்றூரில் பெண்களுக்கு விடுதிப்பள்ளி அமைத்தார். தம் அன்னையாரிடம் கண்ட ரேந்தைக் கலையையும் அங்கு நிறுவினார். இங்ஙனம் ஒரு தாயின் கைத்திறன் அவர் மகள் வழியாக மற்றொரு நாட்டுப்புறத்தை அடைந்தது. ஒப்பிலக்கணம் பிறந்த வீட்டின் அருகிலேயே கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் ஓசையும் எழுந்துகொண்டிருந்தது என எண்ணுதல் நமக்கு உவகை தருகின்றது.

சந்தையின் தன்மை

நாகர்கோவிலில் இத்தொழில் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதன் தாயகமாகிய இங்கிலாந்தில் கைரேந்தை தளர்ந்துகொண்டிருந்தது. 1808, 1809-ஆம் ஆண்டுகளில் ஜான் ஹீத்கோட் என்பார் வலைப்பின்னல் செய்யும் பொறிகளுக்கு உரிமை பெற்றார். 1816-இல் அவர்தம் ஆலை டெவன் நாட்டிற்கே வந்து சேர்ந்தது. அந்நாட்டு ஹானிட்டன் நகர்ப்புறத்து மகளிர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பின்னலைப் பொறிகள் நெருக்கின. அப்பொழுது விக்டோரியா அரசியார், 1840-இல் நடந்த தம் திருமணத்தின்போது, அப்பகுதி மகளிர் கையாற் செய்த ரேந்தையையே அணிந்தார். நலிந்த தொழிலைத் தாங்கும் எண்ணமும் அதில் இருந்தது. அரசியார் அணிந்தது செல்வர்களுக்கு வழக்கமாயிற்று. தொழிலுக்குச் சிலகாலம் உயிர் வந்தது.

இதில் ஒரு பாடம் அடங்கியுள்ளது. அன்பினால் வாங்குவோரும், நாகரிகம் பற்றி வாங்குவோரும் நெடுங்காலம் வாங்குவார் என்று நம்புதல் இயலாது. இரக்கம் ஒருமுறை வாங்கும், மறுமுறை தயங்கும், மூன்றாம் முறை வேறு தெருவழியாகச் செல்லும். நாகரிகமோ ஆண்டுக்கு ஆண்டு மாறும். பொருளின் தரமும் பயனும் தாமே வாங்குவோரை இழுக்குமாறு அமைந்தாலன்றிக் கைப்பணியறம் நிலைபெறாது. ரேந்தை அறுந்தால் அதனை 'ஏழை செய்தது' என்ற சொல்லால் ஒட்ட முடியுமோ?

நரசாபுரம் காட்டும் எச்சரிக்கை

தரம் மட்டும் இருந்தாற் போதுமா? போதாது என்பதற்கு ஆந்திர நாட்டுக் கோதாவரிக் கரையில் உள்ள நரசாபுரம் சான்றாகும். அங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் ஏழைப் பெண்களுக்குக் கொக்கியூசியாற் பின்னும் ரேந்தை வேலையைக் கற்பித்தனர். அவர்களுக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்ற நல்லெண்ணமே அதன் தொடக்கம். நாளடைவில் அத்தொழில் வணிகர் கைக்கு மாறியது. சரக்கு கடல் கடந்து சென்றது. ஏற்றுமதி செய்தோர் செல்வராயினர்.

ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் என்பார் அவ்வூர்களிற் சென்று ஆராய்ந்து, 1982-இல் நரசாபுரத்து ரேந்தைப் பெண்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் கண்டது யாதெனில், நாள்தோறும் பலமணி நேரம் பின்னிக்கொண்டிருந்த அப்பெண்கள் தொழிலாளர் என்ற கணக்கிலேயே வரவில்லை என்பதாம். அவர்கள் வீட்டுப் பெண்கள்; ஓய்வு நேரத்தைப் பயனுற அமைத்துக்கொள்கின்றனர்; கிடைப்பது கைச்செலவுக்கு ஆகும் என்று சொல்லப்பட்டது. அச்சொல்லின் மறைவில் கூலி மிகவும் தாழ்ந்து கிடந்தது.

ஓய்வு நேரம் என்னும் சொல்லை இங்கு உற்று நோக்குதல் வேண்டும். தொற்காள் நெறியில் ஓய்வு நேரம் என்பது மெய். உள்ளவள் தன் ஓய்வைக் கொடுக்கிறாள். பவுல் நெறியில் உழைக்க வேண்டியவளைத் தொற்காளாகப் பெயரிட்டு அழைத்ததே நரசாபுரத்தில் நேர்ந்த தவறு. ஈவோர்க்குரிய சொல்லை ஏழைக்குச் சூட்டி, அவள் கூலியைக் குறைத்தனர். நாகர்கோவிலிலும் இவ்வையம் எழாமலில்லை. மாணவியின் பின்னல் பள்ளிக்கு அவள் இட்ட காணிக்கையா, அவளுக்குரிய சம்பாத்தியமா என்ற வினா அங்கும் உண்டு. வேலைக்கூலி அவளுக்கும், எஞ்சிய ஆதாயம் மிஷன் பணிக்கும் எனப் பிரிக்கப்பட்டவிடத்து அறம் நின்றது. எவ்விடத்து அப்பிரிவு மங்கியதோ அவ்விடத்து அறமும் மங்கியிருக்கும் என்றே சொல்ல வேண்டும்.

காந்தியடிகள் கண்ட திருத்தம்

இச்சிக்கலை நேரே எதிர்கொண்டவர் காந்தியடிகள். 1925-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நூற்றலும் நெய்தலும் அதன் பணிகளுள் தலைமையானவை. கிராமத்து ஏழை மகளிர் நூற்ற நூல் கதராயிற்று. கதர் வாங்குவது தேசத்தொண்டு என்ற எண்ணம் நாடெங்கும் பரவியது. எனினும் நூற்பவளுக்குக் கிடைத்ததோ நாளொன்றுக்குச் சில காசுகளே. கதரை மலிவாக விற்க வேண்டும் என்ற ஆர்வம் அவள் கூலியைத் தாழ்த்தியே வைத்தது.

1935-இல் அடிகள் இதனை மாற்றத் துணிந்தார். நூற்பவளுக்கு வாழ்வதற்குப் போதிய கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். சங்கமும் குறைந்த அளவுக் கூலி ஒன்றை ஏற்றது. விலை ஏறும்; வாங்குவோர் குறைவர்; இயக்கம் தளரும் என்ற அச்சம் பலருக்கு எழுந்தது. அடிகள் அதற்கு இசைந்திலர். ஏழைக்காக என்று சொல்லி ஏழையின் வயிற்றைச் சுருக்கி விற்கும் துணி எவருக்கு உதவும் என்பதே அவர்தம் நிலையின் உட்கிடை. ஒரு தேசிய இயக்கத்தின் நடுவில், விற்பனையைவிடக் கூலியை முன்வைத்தது அவர்தம் நேர்மைக்குச் சான்றாகும்.

கணக்கொன்று

இனி நம் கல்லூரி போன்ற இடங்களில் அமைக்கப்படும் அறவிற்பனைக்கு இவ்வுண்மையைப் பொருத்திப் பார்ப்போம். பூவேலை செய்த மேசைவிரிப்பு ஒன்று 300 ரூபாய்க்கு விற்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். துணிக்கும் நூலுக்கும் ஆன செலவு 90 ரூபாய். அதனைச் செய்து முடிக்க 7 மணி நேரம் சென்றது.

அதனைச் செய்தவர் நம் மாணவருள் ஒருவராயின், எஞ்சிய 210 ரூபாயும் நற்பணிக்குச் செல்லும். மாணவர் தம் 7 மணி நேரத்தை ஈந்தார், வாங்கியவர் தம் பொருளை ஈந்தார், கணக்கு நேரானது.

அதனைச் செய்தவர் ஓர் ஏழை விதவையாயின் என்னாம்? மணிக்கு 50 ரூபாய் என்று கொண்டாலும் அவர்தம் கூலி 350 ரூபாய். செலவு 90 ரூபாய். ஆகமொத்தம் 440 ரூபாய். நாம் கொடுத்ததோ 300. எஞ்சிய 140 ரூபாய் எங்கே? அதனை அவ்விதவை நமக்குக் கொடுத்திருக்கிறார். நாம் அறஞ்செய்தோம் என்ற மனநிறைவோடு விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வீடு செல்கிறோம். ஈந்தவர் அவர், ஏற்றவர் நாம். இதனை அவரும் அறியார், நாமும் அறியோம்.

ஆகையால் மூன்று நெறிகளை நாம் கைக்கொள்ளுதல் நலம். முதலாவது, மேசைமீது வைக்கும் ஒவ்வொரு பொருளும் ஈவோர் செய்ததா, அதனால் வாழ்வோர் செய்ததா என்பதைத் தனித்தனியே பிரித்து எழுதிவைத்தல் வேண்டும். இரண்டாவது, வாழ்வோர் செய்த பொருளாயின், விற்பனைக்கு முன்னரே செலவையும் கூலியையும் அவரிடம் கேட்டறிந்து, அவற்றின்மேல் விலை வைத்தல் வேண்டும்; விற்பனையாகாவிடினும் அவர் கூலியை அவர் இழத்தலாகாது. மூன்றாவது, தரங்குறைந்ததை இரக்கத்தின் பெயரால் விற்றல் ஆகாது. மாணவர் செய்தவற்றிற்கும் இது பொருந்தும். தையல் பிரிந்த பையை அன்பின் பொருட்டு ஒருவர் வாங்கக்கூடும். அதனால், அடுத்த மேசையில் நேர்த்தியாகப் பின்னி வைத்த ஏழைப்பெண்ணின் பையும் அதே இழிந்த மதிப்பைப் பெற்றுவிடும்.

எதிர்மொழியும் விடையும்

இவ்வாறு விலை ஏற்றினால் எவரும் வாங்கார். ஒன்றும் கிடையாதிருப்பதினும் சிறிது கிடைப்பது மேலன்றோ என்று சிலர் வினவுவர். இவ்வினா நேர்மையானதே. பசித்திருப்போர்க்கு இன்று கிடைக்கும் சிறுகாசு, நாளை கிடைக்கும் நீதியைவிடப் பெரிதாகத் தோன்றும். இதனை நாம் எளிதாகத் தள்ளிவிடுதற்கில்லை.

எனினும் இதற்கு விடை இரண்டு உள. விலைக்கு வாங்குவோர் உண்மையாகவே இல்லையெனின், அத்தொழில் அவர்க்கு ஏற்றதன்று என்பதே பெறப்படும். வேறு தொழிலைத் தேடித் தருவதே நண்பர் கடமை. ரேந்தையைத் தேர்ந்தெடுத்த மால்ட் அம்மையார், வாங்குவார் உள்ள பொருளையே தேர்ந்தெடுத்தார் என்பதை மறவற்க. மற்று, உடனடி உதவி வேண்டின் அதனை உதவியாகவே கொடுப்போமாக. கூலியைக் குறைத்துவிட்டு அதன்மேற் கொடை என்ற பெயரை இடுவதினும், கூலியைக் கூலியாகவும் கொடையைக் கொடையாகவும் கொடுப்பது நேரிது. வள்ளுவர் ஒப்புரவையும் ஈகையையும் இருவேறு அதிகாரங்களாக வைத்ததன் பயனை இவ்விடத்து உணரலாம்.

இன்னுமொரு கருத்துண்டு. மாணவராகிய நம்மிடம் பொருள் இல்லை; நேரம் உண்டு; கற்றுக்கொள்ளும் விரல்கள் உண்டு. எனவே தொற்காள் நெறியே நமக்குப் பெரிதும் உரியது. நாமே பின்னி, நாமே தைத்து, நாமே நூற்கட்டி விற்ற பொருளின் ஆதாயத்தை ஏழை மாணவர் நிதிக்குக் கொடுப்பின், அதில் ஒருவர்க்கும் குறையில்லை. அவ்வாறு ஒருநாள் ஊசியைக் கையிற் பிடித்தோமாயின் மற்றொரு நன்மையும் விளையும். ஒரு விரற்கடைப் பின்னலுக்கு எவ்வளவு நேரம் செல்லும் என்பதை நம் முதுகே நமக்குக் கூறும். அதன்பின்னர், சந்தையில் ஓலைப்பெட்டி விற்கும் மூதாட்டியிடம் பத்து ரூபாய் குறைத்துக் கேட்க நம் நா எழாது.

கைப்பணியால் அறம் வளர்க்க விழையும் அன்பர்காள்! விற்பனை முடிந்த மாலையில் பெட்டியிற் சேர்ந்த தொகையை எண்ணுமுன்னர், ஒரு வினாவை நமக்குள் எழுப்புவோமாக: இப்பொருள்களைச் செய்த கைகளுக்கு உரியது சென்று சேர்ந்ததா? ஆம் எனின், எஞ்சியதைத் தயங்காது நற்பணிக்கு அளிப்போம். இல்லை எனின், முதலில் அக்கடனைத் தீர்ப்போம்.